கைத்தட்டல் விழும் இடம்

போன வாரம் நம் குழுவில் யாரோ அந்தப் பழைய படத்தைப் போட்டீர்கள். எட்டாம் வகுப்பு ஆண்டு விழா. கையில் கோப்பையோடு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். சாயங்காலத்துக்குள் அதன் கீழே ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மைகளை அனுப்பிவிட்டீர்கள். 'நம்ம செட்டோட நாவரசி' என்று ஒருத்தி. 'அன்னிக்கு அழாதவங்க உண்டா' என்று இன்னொருத்தி. அடுத்த மாதம் எல்லோரும் கூடும்போது நான் மறுபடி மேடையேறிப் பேச வேண்டுமாம்.

ஒரே ஒருத்திதான், என் பக்கத்தில் எவர்சில்வர் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒல்லிப் பெண் யார் என்று கேட்டிருந்தாள். அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. நாற்பது பேர் இருக்கிற குழுவில் ஒருத்திக்குமா ஞாபகம் இல்லை? இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் மேல் பாதி, மீதி யார் மேல் என்று படித்துவிட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவளை நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கரியாலூர்க்காரி என்போம். அவள் ஊர் கரியாலூர்கூட இல்லை, அங்கிருந்து இன்னும் நாலைந்து மைல் உள்ளே. நமக்குக் கல்வராயன் மலை என்றால் கரியாலூர்தான், அதற்கு மேல் தெரிந்துகொள்ள நாம் மெனக்கெடவில்லை. அந்த வருஷம் ஜூன் மாதம் எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள், விடுதியில் தங்கிப் படிக்க. எண்ணெய் வைத்து வாரினாலும் தலைமயிரில் அடுப்புப் புகை வாசனை இருக்கும். கையில் ஒரு இரும்பு வளையல். ஊருக்குப் போய்விட்டு வந்தால் பாவாடை மடிப்பில் நெல்லிக்காய் இருக்கும், என் பக்கம் நாலைத் தள்ளுவாள். கடித்த உடனே தண்ணீர் குடிக்கச் சொல்வாள். அந்தத் தித்திப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஜூலையில் வகுப்பு முழுக்கப் பேன் வந்ததே, அதுவாவது ஞாபகம் இருக்கிறதா? வகுப்பு டீச்சர், மலைப்பெண் வந்த பிறகுதான் பேன் வந்தது, அதனால் அவள்தான் கொண்டுவந்தாள் என்று தீர்ப்பு சொல்லி அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். விடுதியில் அவள் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றித் துணியால் கட்டிவிட்டார்கள். வகுப்பில் அவள் எழுந்து, தான் வருவதற்கு முன்னால் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் தலையிலும் பேன் இருந்ததே இல்லையா என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டீச்சர் எதிர்த்துப் பேசியதற்காக உள்ளங்கையில் இரண்டு அடி கொடுத்தார். மே மாதமே, அவள் மலையை விட்டு இறங்குவதற்கு முன்பே, என் அம்மா பேனுக்காக எனக்குத் தினமும் ஈர்வலி போட்டு வாரிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. உங்களில் எத்தனை பேர் வீட்டில் அதே கதையோ, நீங்களும் திறக்கவில்லை.

மார்கழியில் ஆண்டு விழாப் பேச்சுப் போட்டியை அறிவித்தார்கள். தலைமையாசிரியை வகுப்புக்கே வந்து கரும்பலகையில் தலைப்பை எழுதினார்: 'பெண்ணுக்குப் பெருமை தருவது பள்ளிப் படிப்பா, வீட்டுப் பொறுப்பா?'

கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள். "ரெண்டும் இருந்தா ஆவாதா டீச்சர்?"

தலைப்பில் அப்படி ஒன்று இல்லை, ஏதாவது ஒரு பக்கம்தான் பேசணும் என்றார் தலைமையாசிரியை.

"அப்ப தலைப்புதான டீச்சர் தப்பு?"

நாம் எப்படிச் சிரித்தோம். பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். அன்று அந்தக் கட்டடத்தில் சரியாக யோசித்த ஒரே ஆள் அவள்தான் என்று இப்போது சொல்கிறேன், சொல்லி என்ன பிரயோஜனம். பேர் கொடுக்க ஆள் இல்லாததால் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். சீட்டு எடுத்தோம். அவளுக்குப் படிப்பு, எனக்கு வீட்டுப் பொறுப்பு.

என் அப்பாவுக்கு மைக் செட் கடை இருந்தது உங்களுக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும், எந்தக் கோயிலில் கூழ் ஊற்றினாலும், யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அப்பாவின் ஒலிபெருக்கிக் குழாய்தான் கத்தும். மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு இருபது வருஷம் பேச்சுக் கேட்டவர். சத்தத்தைக் கூட்டிக் குறைத்தே, எங்கே கூட்டம் நெளியும், எங்கே நிமிரும் என்று அவருக்கு விரலிலேயே தெரியும். எனக்குச் சீட்டில் என்ன வந்தது என்றுகூட அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. எந்தப் பக்கமா இருந்தா இன்னா, ஜெயிச்சுடலாம் என்றார்.

கடையில் ஈயம் உருகும் வாசனைக்கு நடுவே அவர் சொல்லிக் கொடுத்தது இதுதான். முதலில் எதிராளியைப் புகழ வேண்டும், அப்போதுதான் நாம் நல்லவர் என்று கூட்டம் நம்பும். அடுத்தது ஒரு கதை. பத்துப் பேர் கதையைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், ஒருத்தி கதையைச் சொல்ல வேண்டும். அதன் பிறகு இதுவா அதுவா என்று ஒரு கேள்வி, அந்த நேரத்தில் மூன்றாவதாக ஒன்று இருப்பது யாருக்கும் ஞாபகம் வரக் கூடாது. கடைசியாகப் பெற்ற தாய்.

"அங்க நிறுத்திக்கோ. கைத்தட்டல் வுழும். தட்டி முடிக்கிற வரைக்கும் நீ பேசக் கூடாது," என்றார்.

பின்னாளில் ஒரு தர்க்கப் புத்தகத்தில் இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருப்பதைப் படித்தேன். எல்லாம் ஏமாற்று நியாயங்களின் பட்டியலில் இருந்தன. அப்பா அந்தப் புத்தகத்தைப் படித்தவர் இல்லை, அவருக்கு அது தேவையும் இல்லை.

கதை வேண்டுமே. படித்ததால் கெட்டுப்போன ஒரு பெண்ணை அப்பாவே உண்டாக்கினார். எந்த ஊர் என்று சொல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள் என்று யோசித்துவிட்டு, மலைப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம், அங்கே போய் யார் விசாரிக்கப் போகிறார்கள் என்றார். ஆனால் மலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். மத்தியானச் சோற்று நேரத்தில் வேப்பமரத்தடியில் அவள் எனக்குச் சொன்னதெல்லாம் என்னிடம் இருந்தது. அவள் அம்மா சாமைச் சோற்றை எப்படி ஆறவைத்துப் பிசைவாள், புத்தகங்களை மஞ்சள் துணியில் எப்படி முடிந்து கொடுத்தாள், விறகுக்கு எந்தப் பாறை வழியாக ஏறுவாள் என்று ஒவ்வொன்றாக அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்தேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டு, அபாரம் அபாரம் என்றார். கதையைப் பொய்யாகக் கட்டியவர் அவர். அதற்கு உயிர் வைத்தவள் நான்.

விழா அன்று முதலில் அவள்தான் பேசினாள். யாரும் சொல்லிக் கொடுக்காத பேச்சு. அவர்கள் ஊருக்கு ஒருத்தர் காகிதம் கொண்டுவந்தார், படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை, எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள், அடுத்த வருஷம் அவர்களுடைய சாமைக் காட்டிலேயே ஏர் ஓட்டக் கூடாது என்றார்கள். வீட்டில் ஒருத்தி படித்திருந்தால் அந்தக் காகிதத்தைப் படித்திருப்பாள். படிக்கிறவள் வீட்டு வேலையைச் செய்ய மாட்டாள் என்பதற்கு என்ன ஆதாரம், நான் லீவுக்குப் போனால் மாடும் மேய்க்கிறேன் சோறும் ஆக்குகிறேன். இவ்வளவுதான் பேசினாள். கையை ஆட்டவில்லை, குரலை ஏற்றவில்லை. முன்வரிசையில் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்ததும் இறங்கிவிட்டாள். நாம் தட்டினோமா? நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது நான். என் எதிரணித் தோழியின் அறிவை மெச்சுகிறேன் என்று தொடங்கினேன். பிறகு, இதே கல்வராயன் மலையில் ஒரு பெண் இருந்தாள் என்றேன். பள்ளிக்கூடம் போனாள். லீவுக்கு வந்தவள் சாமைச் சோற்றைத் தள்ளிவிட்டாள், அம்மாவின் புகை வாசனைக்கு மூக்கைப் பொத்தினாள், விறகுக்குக் கூட வர மாட்டேன் என்றாள். தனியாகப் போன அம்மா பாறையிலிருந்து விழுந்து செத்தாள். மகள் மஞ்சள் துணி மூட்டையோடு அருவியில் குதித்தாள். அவள் கைக்கு எட்டியது புத்தகம், கைவிட்டுப் போனது தாய். உங்கள் மகளுக்குப் புத்தகம் வேண்டுமா, நீங்கள் வேண்டுமா என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன்.

அப்பா சொன்ன இடத்தில் விழுந்தது. அவர் மைக் செட் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நடுவராக வந்த வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரு உண்மைச் சம்பவத்துக்கு முன்னால் நூறு வாதமும் நிற்காது என்று தீர்ப்பில் சொன்னார். மலைப்பெண்ணும் சுமாராகப் பேசினாள், ஆனால் படிப்பு வேண்டும் என்று படிக்க வந்தவளே சொன்னால் அது தன் கட்சிக்குத் தானே சாட்சி சொல்வதுபோல, அதை எடுத்துக்கொள்ள முடியாது என்றார். கோர்ட்டில் பழகியவர் இப்படிச் சொன்னார், தலைமையாசிரியையும் தலையாட்டினார்.

தூணுக்குப் பக்கத்தில் ஒருத்தர், கசங்கிய வெள்ளை வேட்டி, கையில் தலைமையாசிரியைக்குக் கொண்டுவந்த தேன் சீசா. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். அது அவளுடைய அப்பா. மகள் பேசுவதைக் கேட்க அத்தனை தூரம் நடந்து இறங்கி, வடக்கனந்தலில் பஸ் ஏறி வந்திருந்தார். படம் எடுத்தபோது அவள் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் நின்றதற்குக் காரணம் அவள் தோற்றது என்றுதான் நான் நினைத்தேன்.

திங்கட்கிழமை கடைசி பெஞ்சில் அவள் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவோடு போய்விட்டதாக விடுதிப் பெண்கள் சொன்னார்கள். தலைமையாசிரியை ஆச்சரியப்படவே இல்லை. மலைப் பிள்ளைகள் நிலைக்காது, எனக்கு அப்போதே தெரியும் என்றார். ஒருத்தியை வைத்து மொத்த மலைக்கும் முடிவு கட்டிவிட்டு, வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். பேன் பிரச்சினை தீர்ந்தது என்று நம் பெஞ்சில் ஒருத்தி சொன்னாள். யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, சொல்லவில்லை.

நான் அப்பாவிடம் போய், அந்தக் கதை நிஜமில்லை என்று அவள் அப்பாவுக்குச் சொல்லிவிடலாம் என்றேன். முதலில் சிரித்தார். நான் விடவில்லை. நாலைந்து நாள் சாப்பிடாமல் முரண்டு பிடித்தேன். மாசியில் கரியாலூர்க் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டப் போகும்போது கூட்டிப்போகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

லாரியில் குழாய்களுக்கும் வயர்ச் சுருள்களுக்கும் நடுவே உட்கார்ந்து போனேன். வளைவில் திரும்பும்போதெல்லாம் குழாய்கள் ஒன்றோடொன்று மோதி ஓசை எழுப்பின. கரியாலூரில் இறங்கியதும் அப்பா குழாய் கட்ட ஒருவனைப் பிடித்து மரத்தில் ஏற்றினார். அவளைத் தேடி நான் போக வேண்டியிருக்கவில்லை. அவளுடைய அப்பாவே கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்களிடம் வந்தார். பின்னால் அவள், தலையில் சாமை மூட்டை.

என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். ஒரு பதின்மூன்று வயசுப் பெண்ணை. பிறகு என் அப்பாவிடம் கேட்டார்:

"அய்யா, அந்தச் செத்துப்போன பொண்ணு எந்த ஊருங்க? மலை பூராவும் கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்தரும் தெரியாதுன்றாங்க. துக்கம் கேக்கணும்னு சுத்திக்கினு கீறேன். வெக்கத்துல மறைக்கிறாங்க போல."

தேடினார், அப்படி ஒரு பெண் இல்லை. இல்லை என்பதே அவருக்கு அது நடந்ததற்கு அத்தாட்சி ஆகிவிட்டது. நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரே வாக்கியம், அவர் சொன்னால் போதும். சுற்றிலும் கோயில்காரர்கள், லாரி ஆள், மரத்தில் ஏறியவன் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வயரைச் சுற்றிக்கொண்டே, அது இந்தப் பக்கம் இல்லைங்க, சேலம் பக்கத்துச் சரிவில் என்றார்.

அது பொய், அப்படி யாருமே கிடையாது, எங்க அப்பாதான் கட்டுனாரு, நான்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன் என்று கத்திவிட்டேன்.

அவளுடைய அப்பா என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"பொய்யின்னா எதுக்கும்மா அத்தினி பேரு அழுதாங்க? வக்கீலு அழுதாரே. நானும் அழுதேனே."

பிறகு என் அப்பா பக்கம் கையைக் காட்டினார். "பெத்த அப்பன நாலு பேருக்கு முன்னால பொய்யன்னு சொல்ற. இதத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்களா?"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்கள். மேடையில் நான் சொன்ன பொய்யை, அங்கே நான் சொன்ன உண்மை வந்து உறுதிப்படுத்திக் கொடுத்துவிட்டது. நான் இன்னும் என்ன சொன்னாலும் அதுவும் அந்தப் பக்கமே போய்ச் சேரும் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அழ ஆரம்பித்தேன். அவள் சாமை மூட்டையை இறக்காமலே என் பக்கத்தில் வந்தாள்.

"எங்கம்மா சோறு பிசையறத உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்," என்றாள். அவ்வளவுதான். தன் அப்பாவுக்குப் பின்னால் நடந்துபோய்விட்டாள்.

திரும்பி வரும்போது அப்பா மைக்கை எடுத்து வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் சொல்றதக் கேட்டு ஒருத்தன் முடிவு பண்ணா, அது அவன் முடிவு. என் முடிவா?" என்றார். என்மேல் உயிராக இருந்த மனிதர். காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் அவர் சாகிற வரைக்கும் மன்னிக்கவில்லை, அவர் போன பிறகும் முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுக்க மறுத்தேன். எனக்குத் தலைக்கனம் என்று நீங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

பிறகு நம் பள்ளிக்கூட ஆபீசிலேயே எழுத்தராக வேலை கிடைத்து நான் வந்து உட்கார்ந்ததும், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்ததும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்து ஒரு ஜூன் மாதம் அவள் வந்தாள். கூட ஒரு பெண், எட்டாம் வகுப்பில் சேர்க்க. எனக்கு அவளைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்தது, முகத்தில் காட்டவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன், விண்ணப்பத்தை எடுங்க என்றாள். 'ங்க' போட்டாள். நெல்லிக்காய் தின்றபோது என்னை அவள் வாடி போடி என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். பிள்ளை பெயர், அப்பா பெயர், ஊர். தாயின் கல்வித் தகுதி என்ற இடத்தில் கேட்காமலே 'எட்டாம் வகுப்பு, இடைநின்றவர்' என்று எழுதினேன். பாதியில் போனவர்கள் எல்லோருக்கும் ஆபீசில் அப்படித்தான் எழுதுவோம். கையெழுத்துப் போடக் காகிதத்தை நீட்டினேன். அவள் வாங்கி முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். அந்த இடத்தில் விரல் நின்றது.

"இடைநின்றவர்னா இன்னாங்க?"

பாதியிலே படிப்பை விட்டவர் என்றேன்.

"நானா வுட்டேன்?"

காகிதத்தை வாங்கி, அடித்துவிட்டு, 'நிறுத்தப்பட்டவர்' என்று மேலே எழுதிக் கொடுத்தேன். படித்தாள். அப்போதும் பேனாவை எடுக்கவில்லை.

"யாரு நிறுத்துனாங்கன்னு எழுதறதுக்கு எடம் கீதா இதுல?"

இல்லை என்றேன்.

"ஓரத்துல எழுதுங்க."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் மகள் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஓரத்தில், என் அப்பாவின் தலைப்பெழுத்தைப் போட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினேன். அவள் அதை ஒரு தடவை படித்துச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.